டபுளக்கா

படிக்கட்டு திரும்பும் இடத்தில் தீயணைக்க வைத்த மணல் வாளி ஒன்று உண்டு. மணலைவிடக் காலிக் காகிதக் கோப்பைகள்தான் அதில் அதிகம். சாம்பிள் செக்‌ஷனை மாடிக்கு மாற்றிய நாளிலிருந்து அவள் தினமும் அந்த வாளியருகே நின்றிருக்கிறாள். செருப்பு வாரைச் சரிசெய்வது போல, போனில் ஏதோ வந்தது போல, எதையோ மறந்து வைத்துவிட்டு வந்தது போல. பின்னால் ஏறி வருகிறவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கடந்து போவார்கள். சிலர் "மெதுவா வாங்க" என்பார்கள். அதில் அக்கறை எவ்வளவு, நக்கல் எவ்வளவு என்று பிரித்துப் பார்ப்பதற்குள் மூச்சு திரும்பிவிடும். இன்று வாளி வந்தது, போனது. அவள் நிற்கவில்லை. மேல்படியில் கால் வைத்தபிறகுதான் நிற்காமல் வந்ததே உறைத்தது. திரும்பிப் பார்த்தாள். ஒருவரும் பார்த்திருக்கவில்லை. நிற்கும்போது மட்டும் இந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் கண் இருக்கும்.

அங்கே சீருடைகள் தைத்தார்கள். ஓட்டல், பள்ளிக்கூடம், காவலாளிகள், ஆஸ்பத்திரி என்று யார் கேட்டாலும் தைத்துக் கொடுத்தார்கள். புது ஆர்டர் வந்தால் ஒவ்வொரு அளவிலும் ஒரு உருப்படியை மாடியில் சாம்பிளாகத் தைப்பார்கள். சரி என்றானதும் அட்டையில் வடிவம் வெட்டி, அந்த அட்டையை வைத்துக் கீழே மலைமலையாகத் துணி வெட்டுவார்கள். மாடியில் யாருக்கும் பெற்றவர்கள் வைத்த பெயர் நிலைக்கவில்லை. பட்டன் ஓட்டை போடும் காஜா மெஷினில் இருப்பவள் காஜா. இஸ்திரி போடுகிறவர் நீராவி. கட்டிங் மாஸ்டர் மட்டும் மாஸ்டராகவே இருந்தார். இவளுடைய வேலை தைத்த உருப்படியில் நூல் பிசிறு வெட்டுவது. நியாயமாகப் பிசிறு என்று பெயர் வந்திருக்க வேண்டும். ஆனால் இருப்பதிலேயே பெரிய அளவான டபுள் எக்ஸ்எல் எது தைத்தாலும் அதை இவள் உடம்பில்தான் மாட்டிப் பார்த்தார்கள். அதனால் டபுளக்கா. புதிதாக வேலைக்கு வருகிறவர்கள் அதுதான் பெயர் என்று நினைத்துக்கொண்டு மிகுந்த மரியாதையோடு அப்படிக் கூப்பிட்டார்கள். கேலியாகக் கூப்பிட்டால் திருப்பிக் கேட்கலாம். மரியாதையை என்ன செய்வது?

மூலையில் பஞ்சடைத்த டம்மி ஒன்று தலையில்லாமல் நின்றது. சின்ன அளவுக்கும் நடுத்தர அளவுக்கும் அது போதும். பெரிய அளவுக்கு இன்னொன்று வாங்க முதலாளி மேடத்துக்கு மனம் வரவில்லை. "உயிரோட ஒண்ணு இருக்கும்போது எதுக்குன்னு மேடம் கேட்டாங்க" என்று மாஸ்டரே இவளிடம் வந்து சொன்னார், நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு. ஆகவே சுவரோரம் கட்டியிருந்த திரைக்குப் பின்னால் போய் அவள்தான் சாம்பிளை மாட்டிக்கொண்டு நிற்பாள். மாஸ்டர் வெளியில் நின்று தொண்டையைச் செருமிவிட்டுத்தான் உள்ளே வருவார். விரலால்கூடத் தொடமாட்டார். மர ஸ்கேலின் நுனியால் காட்டுவார். காட்டிய இடத்தில் குண்டூசி குத்துவது காஜாவின் வேலை. "டபுளக்கா, கையைத் தூக்கு." தூக்குவாள். "இறக்கு. உட்காரு. மூச்சை நல்லா இழு. எங்க புடிக்குது?" அக்குளில் பிடிக்கிறது, குனிந்தால் முதுகில் இழுக்கிறது என்று சொல்வாள். மாஸ்டர் தலையை ஆட்டி, "துணி பத்தல" என்பார். அந்த ஒரு பேச்சுக்காக அவள் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நின்றிருப்பாள். கடைக்குப் போனால் அவள் உடம்பு அதிகம். பஸ்ஸில் அதிகம். சொந்தக்காரர் வீட்டு நாற்காலியில் அதிகம். இந்தத் திரைக்குப் பின்னால் மட்டும்தான், பிடித்தால் குற்றம் துணியுடையது. மாஸ்டர் போய் அட்டையைத் திருத்துவார். அவள் போய்ப் பிசிறு வெட்ட உட்காருவாள்.

மாடிக்கு மாற்றியதும்தான் சனி பிடித்தது. முட்டி இரண்டும் படி ஏற மறுத்தன. மேடம் ஒருநாள் வாளியருகே அவளைக் கடக்கும்போது நின்று, "இப்படியே போனா எப்படிம்மா? மேல ஏறவே முடியலேன்னா உங்களை எங்க போடறது?" என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. முட்டியைப் பார்த்த டாக்டர் வயிற்றைப் பார்க்கிற டாக்டரிடம் அனுப்பினார். அவர் இரைப்பையில் பெரும்பகுதியை வெட்டி எடுத்துவிட்டால் உடம்பு இறங்கும், முட்டி பிழைக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிற கணவர் படத்தை உற்றுப் பார்த்துவிட்டு, "மிச்சம் இருக்கிறது போதுமா டாக்டர்?" என்று மட்டும் கேட்டார். அவள் சம்மதித்தது வேலை போகக்கூடாது என்பதற்காக. அழகுக்காக இல்லை. அதை யாரிடமும் சொல்லத்தான் வழியில்லை. ஏனென்றால் கம்பெனியில் பித்தப்பையில் கல் என்று சொல்லி லீவு போட்டிருந்தாள். கல் என்றால் ஐயோ பாவம் என்பார்கள். உள்ளதைச் சொன்னால், வாயைக் கட்ட முடியாமல் வயிற்றை வெட்டிக்கொண்டாள் என்பார்கள். வியாதியிலும் மதிப்பான வியாதி, மதிப்பில்லாத வியாதி என்று இருக்கத்தான் செய்கிறது.

லீவு முடிந்து திரும்பிய முதல் நாள் எல்லோரும் நன்றாகத்தான் விசாரித்தார்கள். கல்லைக் கையோடு கொடுத்தனுப்பினார்களா என்று நீராவி கேட்டார். அவருடைய மைத்துனர் தன்னுடைய கல்லைப் பாட்டிலில் போட்டு டிவிக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாராம். மாஸ்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "முகம் வாடிப்போச்சே" என்றார். அதோடு சரி. அவர் துணியைப் பார்க்கிற மனிதர். உள்ளே நிற்பது யார் என்று பார்த்துப் பழக்கமில்லாதவர். அவளும் பழைய உடைகளையேதான் போட்டு வந்தாள். இடுப்பில் உள்பக்கமாக மடித்து ஊக்குக் குத்தி, மேலே துப்பட்டாவை அகல விரித்துவிட்டால் பழைய ஆள் போலவே தெரிந்தது. வாழ்நாள் முழுக்க உடம்பை மறைக்க உடுத்தியவள், இப்போது உடம்பு குறைந்ததை மறைக்க உடுத்தினாள்.

மதியம்தான் சங்கடம். பல வருடங்களாக அவளும் காஜாவும் எதிரெதிரே உட்கார்ந்து டப்பா மாற்றிச் சாப்பிடுகிறவர்கள். அவள் கைக்குள் அடங்குகிற கிண்ணத்தைத் திறந்ததும் காஜா எட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா இது, குருவிக்கா வச்சிருக்கீங்க?"

"கொஞ்ச நாளைக்கு இப்படித்தான்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

"டாக்டர் கெடக்காரு. ஒரு வாய் வாங்கிக்கோங்க. நானே செஞ்சது."

வாங்கிக்கொண்டாள். அந்த ருசிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. இன்னொரு வாயும் வந்தது. அதையும் வாங்கிக்கொண்டாள். சற்று நேரத்தில் நெஞ்சுக்குழியில் கல் வைத்து அழுத்தியது போல் ஆகி, எழுந்து பாத்ரூமுக்கு ஓடினாள். குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாந்தி எடுத்தாள். வெளியே வந்தபோது காஜா சுவரில் சாய்ந்து நின்றிருந்தாள். "எங்க சித்திக்கும் கல்லு எடுத்தாங்கக்கா. மறுவாரமே நல்லா சாப்பிட்டாங்க" என்றாள். ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி என்று இவள் சொல்லிவைத்தாள். காஜா மேற்கொண்டு கேட்கவில்லை. மறுநாளிலிருந்து ஊட்டவும் இல்லை. அவரவர் டப்பாவை அவரவர் பார்த்துக்கொண்டு சாப்பிட்டார்கள்.

அந்த வாரத்தில்தான் ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தது. பல ஊர்களில் கிளை வைத்திருக்கிற பெரிய ஆஸ்பத்திரி. வார்டில் வேலை செய்கிற பெண்களுக்கு வெளிர் நீலத்தில் மேல்சட்டை, முன்பக்கம் பட்டன் வைத்தது. இழுத்தால் சற்று நீண்டு கொடுக்கிற புதுத் துணி. சாம்பிளைத் தூக்கிக்கொண்டு அவள் திரைக்குப் பின்னால் போனாள். கையை நுழைத்ததுமே தெரிந்துவிட்டது. தோள் தோளில் நிற்கவில்லை. பட்டன்கள் ஒன்றன்பின் ஒன்றாக, ஒரு முனகலும் இல்லாமல் போய் உட்கார்ந்தன. வயிற்றை எக்க வேண்டியிருக்கவில்லை. எக்கிப் பழகிய வயிறு தானாக எக்கிக்கொண்டது. சட்டைக்கும் அதற்கும் நடுவே காற்று ஓடியது.

மாஸ்டர் செருமிவிட்டு உள்ளே வந்தார். பார்த்தார். ஸ்கேலால் தன் தோளையே இரண்டு தட்டுத் தட்டிக்கொண்டார்.

"என்ன இது, தொளதொளன்னு நிக்குது?"

தொளதொள. இவளைப் பார்த்து இதுவரை எவரும் சொன்னதில்லை. சின்ன வயதில், தீபாவளியோ பிறந்தநாளோ எதற்கும் எடுத்த உடை பத்தாமல் கடைக்கு மாற்றப் போய், மாற்றுவதற்கு அதைவிடப் பெரியது இல்லை என்று கேட்டுத் திரும்பியவள். கல்யாணப் போட்டோவுக்கு முதுகில் பிரித்துவிட்ட ரவிக்கையோடு நின்றவள். பிடிக்குது, பத்தல, ஏறல, இறங்கல என்றே கேட்ட காதில் இந்தச் சொல் விழுந்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. சந்தோஷம்தான். வேறென்ன சொல்ல. அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியபோதுகூட வரவில்லை.

"துணி குடுக்குது போல, அதான்" என்று மாஸ்டர் கேள்வியும் தானே, பதிலும் தானே என்று முடித்துக்கொண்டார். "காஜா, ரெண்டு பக்கமும் ரெண்டு விரல் உள்ள புடி. அக்குள்ல ஒரு விரல்."

காஜா குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு குனிந்தாள். அவள் விரல்கள் இடுப்பருகே சட்டைத் துணியை மடிக்கும்போது, உள்ளே உடையில் மடித்துக் குத்தியிருந்த ஊக்கில் போய் இடித்தன. விரல்கள் அங்கேயே நின்றன. நிமிர்ந்து இவள் முகத்தைப் பார்த்தாள். வாயில் குண்டூசி இருந்ததால் ஒன்றும் கேட்க முடியாதுதான். எடுத்துவிட்டுக் கேட்டிருக்கலாம். மறுபடி குனிந்து, காட்டிய இடத்தில் வரிசையாகக் குத்தினாள்.

"டபுளக்கா, கையைத் தூக்கு. இறக்கு. புடிக்குதா?"

இப்போது சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குத் தெரியாமலா? சட்டை பெருசில்லை மாஸ்டர், நான்தான் குறைந்துவிட்டேன் என்றால் போதும். சொன்னால் கல் போய்விடும். கல் போனால் கேள்வி வரும், சிரிப்பு வரும். அதைவிட, சொல்லிவிட்டால் அந்தத் தொளதொள அவளிடமிருந்து போய்விடும். இன்னும் கொஞ்ச நேரம் அதில் நிற்கலாம் என்று தோன்றியது. இத்தனை வருடம் துணி வெட்டுகிறவருக்குத் தெரியாததா, கடைசியில் எல்லாவற்றையும் சரிபார்த்துத்தான் வெட்டுவார் என்று தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

"இல்ல மாஸ்டர். நல்லா இருக்கு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மாஸ்டர் போய் அட்டையை வெட்டினார். அது ஆணியில் தொங்கி, கீழே இறங்கி, துணியாகி, சட்டைகளாகி, மூட்டைகளாகி லாரியில் போனது.

அதற்குப் பிறகு கொஞ்ச காலம் நன்றாகவே போனது. உடம்பு மேலும் இறங்கியது. பழைய உடைகளில் ஊக்கு ஒன்று இரண்டானது. படி ஏறும்போது அவள் யாரையும் ஒதுங்கவைக்கவில்லை. "கல்லு எடுத்தா இவ்வளவு இளைக்கலாமா? எனக்கும் ஒரு கல்லு இருந்தா நல்லா இருக்கும்" என்று நீராவி சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். காஜா மட்டும் காஜா போட்டுக்கொண்டிருந்தாள். புது ஆர்டர் எதுவும் வரவில்லை. திரை கட்டியபடியே கிடந்தது.

பிறகு மூட்டைகள் திரும்பி வந்தன. பெரிய அளவுச் சட்டை ஒரே ஒரு பெண்ணுக்கும் சேரவில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து மேடத்துக்குப் போன் வந்ததாம். பட்டன் போட்டால் கை தூக்க முடியவில்லை, கை தூக்கினால் பக்கத்தில் தையல் விடுகிறது, நோயாளியைத் தூக்கி உட்காரவைக்கிறவர்கள் இதைப் போட்டுக்கொண்டு என்ன செய்வார்கள் என்று கேட்டிருக்கிறார்கள். மேடம் கண்ணாடி அறையிலிருந்து டேப்போடு வந்து மேஜையில் சட்டையை விரித்துத் தானே அளந்தார். பழைய ஆர்டர் சட்டையை அருகில் விரித்து அதையும் அளந்தார். பிறகு மாஸ்டரைப் பார்த்தார்.

"நான் எப்பவும் போல டபுளக்கா மேலதான் போட்டுப் பாத்தேன் மேடம்."

"அப்ப அவங்களை அளங்க."

எல்லா மெஷினும் நின்றது. இத்தனை வருடத்தில் அவள்மேல் அங்கே யாரும் டேப் வைத்ததில்லை. வைக்கத் தேவை இருந்ததில்லை. மாஸ்டர் தொடமாட்டாரே, அதனால் டேப் காஜாவின் கைக்குப் போனது. துப்பட்டாவை எடுக்கச் சொன்னார்கள். திரைக்குப் பின்னால் போகலாமா என்று கேட்க நினைத்தாள். மேடம் நின்ற நிலையைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை. காஜா டேப்பை முதுகுப் பக்கமாகச் சுற்றி முன்னால் கொண்டுவந்தாள். டேப்பின் நுனி வர வேண்டிய இடத்தைத் தாண்டி வந்தது. இன்னும் வந்தது. காஜா எண்ணைப் படிக்கவில்லை. மேடமே குனிந்து பார்த்துக்கொண்டார்.

"அளக்குற டேப்பையே யாராவது அளந்து பாப்பாங்களா மேடம்?" என்றார் மாஸ்டர். நடிக்கவில்லை, அந்த மனிதர் உண்மையாகவே அதைத்தான் கேட்டார்.

மேடம் இவளைப் பார்த்தார். "என்ன ஆபரேஷன்மா பண்ணிக்கிட்டீங்க?"

கல் என்று சொல்லத்தான் வாய் திறந்தது. காஜாவின் கை இன்னும் இடுப்பில் டேப்போடு இருந்தது.

"வயித்தைச் சின்னதாக்குறது, மேடம்."

பின்னால் யாரோ சிரித்து, இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மேடம் சிரிக்கவில்லை. டேப்பைச் சுருட்டி மேஜையில் வைத்தார். "உடம்புக்கு நல்லதுதான் பண்ணியிருக்கீங்க. பாக்கவும் நல்லா இருக்கீங்க" என்றார். பிறகு மாஸ்டரிடம், பக்கத் தையலைப் பிரித்து ஒரு பட்டை கொடுத்துத் தைத்து அனுப்புங்கள், பிரிக்கிற வேலையை இவங்களே செய்யட்டும் என்றார். போகிற போக்கில் இவளிடம், "இந்த லாட் முடியற வரைக்கும் வாங்க. அப்புறம் உங்களை என்ன பண்றதுன்னு பாக்கலாம்" என்றார். அதே குரல். வாளியருகே கேட்ட குரலேதான். வெட்டி எடுத்தது வயிற்றை மட்டும்தானா என்று அப்போது அவளுக்குத் தோன்றியது.

மாலையில் காஜா படியிறங்கும்போது கூடவே இறங்கினாள். "ஊர்ல இருக்கிறவங்ககிட்ட சொல்ல வேணாம்க்கா. எங்கிட்ட கூடவா? நான் அன்னைக்கு ஒரு வாய் குடுத்து உங்களைக் கொல்லப் பாத்திருக்கேன்."

"நீ அன்னைக்கே பாத்துட்ட. ஊக்கு தட்டுச்சுல்ல? நீயும்தானே சொல்லல."

"நீங்க சிரிச்சீங்க" என்றாள் காஜா. "அப்படி நீங்க சிரிச்சு நான் பாத்ததே இல்ல." சொல்லிவிட்டு வேகமாக இறங்கிப் போய்விட்டாள். வாளியருகே இவள் நின்றாள். மூச்சு வாங்கவில்லை. சும்மாதான் நின்றாள்.

வீட்டில் கணவர் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவள் பார்க்க ஏங்குவாள் என்று அவராக ஏற்படுத்திக்கொண்ட வழக்கம். நல்ல மனது, ஆனால் வெளியே தனியாக உட்கார்ந்திருப்பவளுக்குத் தட்டில் கரண்டி உரசுகிற சத்தம் கேட்காமலா போகும். கதவுக்கு இந்தப் பக்கமிருந்தே நடந்ததைச் சொன்னாள். உள்ளே சத்தம் நின்றது. கை கழுவிவிட்டு வெளியே வந்தார்.

"கால் வலி போச்சா இல்லியா?"

"போச்சு."

"படி ஏற முடியுதுல்ல?"

"முடியுது. ஏறிப் போகத்தான் இடம் இல்ல."

அவர் துண்டால் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "வேற எடத்துல கேட்டுப் பாக்கலாம். பிசிறு வெட்டறதுக்கு எங்கயும் ஆள் வேணும்தானே" என்றார். ஆள் வேண்டும்தான். இளசாக, கண் தெளிவாக, ஒரு நாளைக்கு மூட்டைக் கணக்கில் வெட்டுகிற ஆள் வேண்டும். பெரிய உடம்பு ஒன்று கூடவே வருகிறது என்பதால்தான் இந்தக் கம்பெனி இவளுடைய மெதுவான கையைப் பொறுத்துக்கொண்டது. அது இப்போதுதான் அவளுக்குத் தெளிவாகப் புரிந்தது. கிண்ணத்தை எடுத்து, மூன்று கரண்டி சாப்பிட்டு, மிச்சத்தை மூடி வைத்தாள்.

மறுநாளிலிருந்து பிரிக்க உட்கார்ந்தாள். தையல் பிரிக்கும் ஊசிக்கத்தியை அக்குளிலிருந்து இடுப்புவரை ஓட்டினால் சட்டை வாயைப் பிளந்தது. அதே துணி மில்லில் தீர்ந்துவிட்டதால் பட்டைக்கு வந்த துணி ஒரு சாயல் அடர்த்தியாக இருந்தது. தைத்து முடித்து நீராவி தேய்த்துத் தொங்கவிட்டதைப் பார்த்தாள். இரண்டு பக்கமும் பட்டை பளிச்சென்று தெரிந்தது. வார்டில் நடக்கும்போது யார் பெரிய அளவு என்று தூரத்திலிருந்தே தெரியும். அவர்கள் கையைத் தூக்குவதற்கு முன்னால் யோசிப்பார்கள். தூக்கினாலும் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டே தூக்குவார்கள். இவளுக்குத் தெரியாதா? ஆயுசு முழுக்க இவள் அப்படித்தான் தூக்கினாள், அந்தத் திரைக்குப் பின்னால் தவிர. கோபம் வந்தது. யார்மேல் என்று தெரியாத கோபம். மாஸ்டர்மேல் ஆரம்பித்து, மேடத்தில் நின்று, சுற்றிவந்து தன்மேலேயே விழுந்தது.

மாஸ்டர் அந்தப் பக்கம் வரவே இல்லை. வந்தாலும் ஆணியில் தொங்கும் அட்டைகளைப் பார்த்துக்கொண்டே போனார். அந்தப் பெரிய அட்டையை அவர் கிழித்துப் போட்டுவிட்டதாகக் காஜா வேறு யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருநாள் தண்ணீர்க் குடத்தருகே இருவரும் எதிரெதிரே மாட்டிக்கொண்டார்கள். "நான் அளந்திருக்கணும்" என்றார் அவர். இவள் பாட்டில் மூடியில் தண்ணீர் ஊற்றி, சொட்டுச் சொட்டாகக் குடித்துக்கொண்டிருந்தாள். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார். "அதை மேடத்துக்கிட்ட சொல்லியிருக்கலாமே மாஸ்டர்" என்றாள். அவர் தலை குனிந்துகொண்டார். பெண் கல்யாணம் இருக்கிறது, வயதும் ஆகிவிட்டது என்று அவர் சொல்லாமலேயே தெரிந்தது. அவளும் விட்டுவிட்டாள். அவரவர் பிழைப்பு அவரவர்க்கு.

மூட்டைகள் குறைந்துகொண்டே வந்தன. கடைசி மூட்டைக்கு வந்தபோது, காலையில் படியேறுகையில் முன்னால் யாரோ போய்க்கொண்டிருந்தார்கள். புதுச் செருப்பு, நல்ல உடுப்பு, முதல் நாள் வேலைக்கு வருகிற உடுப்பு. அந்தப் பெண் வாளியருகே நின்றாள். குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தாள். வார் சரியாகத்தான் இருந்தது. முதுகு ஏறி இறங்கியது. இவள் சுவரோடு ஒட்டிக்கொண்டு கடந்தாள். கடக்கும்போது, "மெதுவா வாங்க" என்று தன் வாயிலிருந்தே வந்தது. அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வை என்ன கணக்குப் போடுகிறது என்று இவளுக்குத் தெரியும். நான் உன் ஆள்தான் என்று சொல்லலாம்போல் இருந்தது. சொன்னால் யார் நம்புவார்கள்? மேலே ஏறிப் போய்விட்டாள்.

கடைசி மூட்டையில் இருந்தவை போட்டுப் பார்த்துத் திருப்பிய சட்டைகள். சிலதில் பவுடர் வாசனை இருந்தது. ஒன்றைக் கையில் எடுத்ததும் விரலில் சுருக்கென்றது. நெஞ்சுக்கு நேராக, இரண்டு பட்டனுக்கு நடுவே ஒரு ஊக்கு. பட்டன் போட்டபின் நடுவில் வாய் திறக்கும் இடம் அது. எவளோ ஒருத்தி, பூட்டிய அறையில், மூச்சை அடக்கி, வயிற்றை எக்கி, சேராத இரண்டு ஓரத்தையும் இழுத்துப் பிடித்து இதைக் குத்தியிருக்கிறாள். திருப்பிக் கொடுத்துவிட்டால் தன் அளவை எல்லோருக்கும் சொல்ல வேண்டுமே என்று ஒரு நாளாவது இதோடு வேலை செய்து பார்த்திருக்கிறாள். ஊக்கு இழுபட்டு வளைந்துபோயிருந்தது. துணி அதைச் சுற்றிச் சின்னதாகக் கிழிந்திருந்தது. இவள் ஊக்கை மெதுவாகக் கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சட்டையைப் பிரிக்கக் கை வரவில்லை. இவளுடைய இடுப்பில் மூன்று ஊக்குகள் இருந்தன. ஒன்றுகூட வளையவில்லை.

பின்னால் திரை இழுபடும் வளையச் சத்தம் கேட்டது. உள்ளே துணி உரசியது. காஜா ஏதோ தாழ்வாகச் சொன்னாள். காலையில் படியில் பார்த்த பெண் கூச்சத்தோடு சிரித்தாள். மாஸ்டர் வெளியில் நின்று தொண்டையைச் செருமினார். உள்ளே போனார்.

"டபுளக்கா, கையைத் தூக்கு."

மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. நீராவி தேய்ப்பதை நிறுத்திவிட்டு இந்தப் பக்கம் பார்த்தார். அவர் ஏன் பார்க்கிறார் என்று முதலில் அவளுக்குப் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது. மடியில் நீலச் சட்டை கிடக்க, விரல்நுனியில் வளைந்த ஊக்கோடு, அவளுடைய இரண்டு கைகளும் தோளுக்கு மேலே உயர்ந்து நின்றன.

"எங்க புடிக்குது?" என்று திரைக்குப் பின்னால் மாஸ்டர் கேட்டார்.